பின்னால் நிற்க ஒரு ஆள்

எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் குடியிருந்த அக்கா நன்றாகப் பாரம் தூக்குவாள். ஆனால் அவளை நினைத்தால் அவள் தூக்குகிற காட்சி எனக்கு முதலில் வருவதில்லை. வேறொருவர் தூக்கும்போது அவருக்குப் பின்னால் அவள் நின்ற விதம்தான் வரும். கால்களைச் சற்று அகட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்து, கம்பிக்கு ஒரு விரற்கடை கீழே வைத்துக்கொண்டு நிற்பாள். கை கம்பியில் படாது. கண் கம்பியை விட்டு அகலாது. கீழே தெருவில் கம்பெனி பஸ் வந்து ஆரன் அடித்தாலும் திரும்பமாட்டாள்.

அவளுக்குப் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா ‘மாடிப் பொண்ணு’ என்பார். எனக்கு அக்கா. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். நிலம் விற்ற பணத்தில் ஊரில் பலரும் செய்ததையே அப்பாவும் செய்தார். வீட்டுக்கு மேல் அறைகளாகக் கட்டி வாடகைக்கு விட்டார். பிறகு ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டப் போனார். மொட்டைமாடி அறையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். நால்வரும் தெற்கத்திப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை. அக்காவுக்குக் கோவில்பட்டி அருகில் ஒரு கிராமம். அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சுங்குவார்சத்திரத்தில் மூடப்பட்ட ஒரு ஜிம்மிலிருந்து ஒரு பழைய இரும்புக் கம்பி, அதில் மாட்டுகிற சில எடைப் பிளேட்டுகள், ஒரு பெஞ்சு எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். அப்பா படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

“இன்னாமா இது? தண்டவாளத்தப் பேத்துகினு வந்தா மாதிரி கீது. தளம் தாங்குமா?”

“தாங்கும்பா. கீழ கெட்டி ரப்பர் ஷீட்டு விரிச்சிருவேன்.”

“டொம்முனு ஒருநாள் கீழ போட்டுட்டீன்னா?”

“போட மாட்டேன். போட்டேன்னா அன்னைக்கே ரூமக் காலி பண்ணிருதேன்.”

அப்பா விலகி வழிவிட்டார். அந்தக் கம்பியை அவளே தோளில் வைத்து மூன்று மாடி ஏற்றினாள். அதன்பிறகு கீழே வீட்டில் இருந்தபடி அப்பா சில நாள் காதைத் தீட்டி வைத்திருந்தார். சத்தமே வரவில்லை. தூங்குகிற குழந்தையைப் பாயில் கிடத்துவது போலத்தான் அவள் கம்பியைக் கீழே வைப்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு சிக்கல். குனிந்து தூக்குவது, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது எல்லாம் தனியாகச் செய்துவிடுவாள். பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை நெஞ்சுக்கு மேலே தள்ளுவதற்கு மட்டும் பின்னால் ஒரு ஆள் வேண்டும். கூட இருந்த மூன்று பேரும் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். அப்படித்தான் என்னைப் பிடித்தாள்.

எனக்கு அப்போது பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. எட்டாம் வகுப்பிலேயே அம்மாவைவிட உயரமாகிவிட்டிருந்தேன். உயரத்தை மறைக்கத் தோளைக் குறுக்கிக் குறுக்கி நடந்து அதுவே என் நடையாகிவிட்டது. சாப்பாட்டைக் குறைத்தால் வளர்த்தி நிற்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவேன். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தேன். கண்விழித்தபோது பள்ளிக்கூடமே என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. அடுத்த நாளிலிருந்து நான் வராந்தாவில் நடந்தால் எவளாவது ஒருத்தி நெற்றியில் கைவைத்துச் சாய்வது போல நடிப்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

முதலில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றேன். பிறகு தலைவலி என்றேன். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். போனும் கையுமாகச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். “இந்த வருசம் போவட்டும், வுடு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார் அப்பா. பள்ளியை விட்ட பெண்களுக்கு அந்த அடுத்த வருடம் வந்ததே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். அவளே அப்படி நின்றவள்தான்.

ஒரு சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க அம்மா என்னை மேலே அனுப்பினாள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏ பிள்ள, செத்த பின்னாடி வந்து நில்லேன்.”

“என்னால தூக்க முடியாதுக்கா. கையில பலம் கிடையாது.”

“நீ எதுக்குத் தூக்கணும்? தூக்குறது நான். திணறுனேன்னா லேசா ஒரு கை குடு. அம்புட்டுதான். ஆனா கண்ண அங்கிட்டு இங்கிட்டு அசைக்கக் கூடாது.”

நின்றேன். அவள் படுத்துக்கொண்டு கம்பியை எடுத்தாள். நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளினாள். அவள் கழுத்துக்கு மேலே அத்தனை இரும்பு ஏறி இறங்குகிறது. அதற்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது என் கை மட்டும். எனக்கு வேர்த்துவிட்டது. வீட்டில் ஒரு தம்ளரைக்கூட என்னை நம்பிக் கொடுக்காத காலம் அது. அக்கா எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா நின்ன பிள்ள. நாளைக்கும் வா” என்றாள்.

மறுநாள் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். அந்த வாரம் முழுவதும் என்னை எதையும் தூக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏன் போகவில்லை என்றும் கேட்கவில்லை.

அவள் கழுத்துக்குக் கீழே, காறை எலும்பின் மேல் ஒரு மேடு இருக்கும். என்ன அது என்று ஒருநாள் நானே கேட்டேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பாரம் தூக்கும் போட்டிகளுக்குப் போயிருக்கிறாள். பயிற்சியின்போது ஒருநாள் கை தளர்ந்து கம்பி மேலே விழுந்துவிட்டது.

“பின்னாடி நிக்க வேண்டியவ தண்ணி குடிக்கப் போயிட்டா. அவ மேல தப்பில்ல, சின்னப் பிள்ளதான அவளும். எலும்பு கூடிருச்சு. ஆனா வீட்ல அதோட நிப்பாட்டிட்டாவ” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அன்று அவளுக்குப் பின்னால் நிற்கும்போது என் கை முன்னைவிடக் கம்பியை ஒட்டி நின்றது.

எனக்கு முதலில் கொடுத்தது பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். எடையே இல்லாத குழாய். அதை வைத்துக்கொண்டு எப்படிக் குனிய வேண்டும், எப்படிக் கீழே வைக்க வேண்டும், முடியாவிட்டால் எப்படி விட்டுவிட்டு விலக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்குச் சலிப்பாக இருந்தது.

“இன்னாக்கா, எப்பதான் தூக்கறது?”

“எறக்கத் தெரிஞ்சாத்தான் பயமில்லாமத் தூக்குவ. மொதல்ல எறக்கு.”

குழாய் போய் வெறும் கம்பி வந்தது. வெறும் கம்பி போய் சின்னப் பிளேட்டுகள் வந்தன. அவசரமே கிடையாது. தினமும் கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். நடுநாளில் நான் மேலே போனால் “உடம்பு இன்னைக்குத்தான் வளருது, போய்ப் படு” என்று திருப்பி அனுப்பிவிடுவாள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை அறிவுரை சொன்னதில்லை. வேர்த்துக் களைத்து உட்காரும்போது அவித்த முட்டையும் நிலக்கடலையும் இருக்கிற தட்டை நடுவில் வைப்பாள். அவள் சாப்பிடுவாள். நானும் சாப்பிடுவேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்குப் பசி எடுத்தது அந்தத் தட்டுக்கு முன்னால்தான். படுத்தால் தூக்கம் வந்தது. போனைத் தேடவில்லை. அம்மா ஒருநாள் சோற்றுப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி உலை வைத்தாள்.

உலை வைத்த அம்மாவுக்கே விஷயம் முழுதாகத் தெரிந்தபோது பயம் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் கம்பியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு மாடியிலேயே கத்தினாள்.

“இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்? வயசுப் பொண்ணு இவ்ளோ வெயிட்டு தூக்குனா அடிவவுறு எறங்கிடும். வளர்த்தியும் நின்னுடும். நாளைக்கு இன்னானா ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?”

“வளர்த்தி நின்னா நல்லதுதான்” என்று நான் முணுமுணுத்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

“அம்மா, தண்ணிக் கேன ஒரு வாட்டி தூக்குங்க, பாக்கேன்” என்றாள்.

இருபது லிட்டர் கேன். கடைக்காரப் பையன் கீழ்வாசலோடு வைத்துவிட்டுப் போய்விடுவான். அதை உள்ளே தூக்கிப்போவது தினம் அம்மாவின் வேலை. அம்மா கோபத்தோடு மாடியில் இருந்த கேனை வெடுக்கென்று தூக்கினாள். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவள் பக்கத்தில் போய், கேனைக் காலோடு ஒட்டி வைக்கச் சொல்லி, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியச் சொல்லி, காலால் தரையைத் தள்ளி எழச் சொன்னாள். எழும்போது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கையை விரித்து நின்றாள். அம்மா எழுந்தாள். முகத்தில் வலி இல்லை. ஆனால் சமாதானமும் இல்லை.

மறுநாள் என்னை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். சத்து மாத்திரை எழுதினார். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டதைக் கேட்டுச் சிரித்தார்.

“வளர்த்தி நிக்காது, கர்ப்பப்பையும் எறங்காது. சரியா சொல்லிக்குடுக்க ஆள் இருந்து, பாரத்தக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தினா எலும்புக்கு நல்லது. இந்த வயசுல வெக்கிற பலம்தான் பின்னாடி நிக்கும். சாப்பாடு மட்டும் ஒழுங்கா சாப்பிடணும். நல்லாத் தூங்குறியாம்மா?”

“தூங்குறேன் டாக்டர்.”

“அப்புறம் இன்னா, போ.”

வீடு வந்து சேர்ந்ததும் அம்மா, “எப்ப மேல போவணும்?” என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் பெஞ்சில் படுத்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் அது நின்றுவிட்டது. நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது. “அக்கா! மாட்டிகிச்சு! புடி!” என்று கத்தினேன். தலைக்குமேல் அவள் முகம் தலைகீழாகத் தெரிந்தது. கை கம்பிக்குக் கீழே இருந்தது. பிடிக்கவில்லை.

“போகுது பிள்ள. மெதுவாப் போகுது. தள்ளு.”

“இல்லக்கா!”

“மெதுவாப் போறது வேற, நின்னு போறது வேற. நான் பாத்துட்டுத்தான இருக்கேன்? தள்ளு.”

தள்ளினேன். மயிரிழை மயிரிழையாக ஏறி, கடைசியில் கம்பி ஸ்டாண்டில் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமா சந்தோஷமா தெரியவில்லை.

அடுத்த முறை அதே கம்பியைத் தள்ளியபோது நிஜமாகவே முடியவில்லை. நான் கத்துவதற்குள் அவள் கை கம்பியைப் பிடித்திருந்தது. “இது நின்னு போனது. இப்பத் தெரியுதா?” என்று கேட்டாள். தெரிந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் முதன்முதலாக அவளிடம் பேசியது அன்றைக்குத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். நெற்றியில் கைவைத்துக் காட்டுகிற பெண்களைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பிளேட்டுகளைக் கழற்றி அடுக்கினாள். “திங்கக்கெழம எனக்கு நைட் ஷிப்ட் முடியுது. காலைல வந்திருவேன். போவமா?” என்றாள்.

சொன்னபடி வந்தாள். கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே என்னோடு நடந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. பள்ளிக்கூட வாசல் வந்ததும் நின்றுவிட்டாள்.

“நீயும் உள்ள வாக்கா. மிஸ்ஸுகிட்ட நீ சொல்லு.”

“நான் எதுக்குச் சொல்லணும்? படிக்கிறது நீ. நான் அந்த டீக்கடைல நிக்கேன். முடியலன்னா வெளிய வா. வீட்டுக்குப் போயிரலாம். ஒண்ணுங் கொறஞ்சிராது.”

உள்ளே போனேன். வகுப்பாசிரியை இத்தனை நாள் எங்கே போனாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். “பயமா இருந்துச்சு மிஸ். அதான் வரல” என்றேன். அதுவரை எந்த வகுப்பிலும் என் குரல் அவ்வளவு தூரம் கேட்டதில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாள். நான் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை இறங்கிவிட்டது. முதல் மணி அடித்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் அக்கா சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணிக்குப் பார்த்தபோதும் அங்கேதான் இருந்தாள்.

அவளுடைய இந்தக் குணம் மற்றவர்களுக்கு நல்லதாக இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை.

அவளோடு அறையில் இருந்த ஒரு பெண்ணை லைன் சூப்பர்வைசர் பாத்ரூம் போய்வர நேரமாகிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் அசிங்கமாகப் பேசிவிட்டார். முதல் தடவையல்ல. அந்தப் பெண் அறைக்கு வந்து அழுதாள். மறுநாள் ஆபீசில் போய்ப் புகார் சொல்கிறேன் என்றாள். ஆனால் தனியாகப் போகப் பயந்தாள். அக்கா கூடப் போனாள். அந்தப் பெண் மேசைக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அக்கா அவளுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சூப்பர்வைசரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாதக் கடைசியில் அக்காவுடைய கான்ட்ராக்டையும் நீட்டிக்காமல் விட்டுவிட்டார்கள்.

“நீ எதுவுமே பேசலியேக்கா. புகார் சொன்னவங்கள வேலைல வெச்சுகினு உன்ன ஏன் அனுப்புறாங்க?” என்று கேட்டேன்.

“அவ தனியா வந்திருந்தா மறுபடி வர மாட்டா. பின்னாடி ஒரு ஆளு நின்னா அடுத்தவளும் வருவா. அது அவியளுக்குத் தெரியும்லா” என்றாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு வேலை போகவில்லையே, அதுவே போதும் என்றாள். அன்று எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. எல்லோருக்கும் பின்னால் போய் நிற்கிறாயே, உனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். பென்னலூரில் ஒரு கம்பெனியில் இருந்த என் மாமாவிடம் அப்பாவே போய்ச் சொல்லிப் பார்த்தார். அமையவில்லை. ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தாள். போகிற அன்று எனக்குச் செய்முறைத் தேர்வு. பஸ் ஏற்ற வர முடியவில்லை. பரீட்சையை முடித்துவிட்டு ஓடிவந்தபோது அறை பூட்டியிருந்தது. கம்பியையும் பெஞ்சையும் மட்டும் மாடியிலேயே எனக்கு விட்டுப் போயிருந்தாள். அப்பாதான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனாராம். திரும்பி வந்தவர் வெகுநேரம் வேனில் ஏறாமல் வாசலில் உட்கார்ந்திருந்ததாக அம்மா சொன்னாள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தேன். காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போனேன். இப்போது வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. தினம் காலையில் முப்பது பேர் முன்னால் நின்று நேற்று என்ன தவறு நடந்தது என்று நான் பேச வேண்டும். தோளைக் குறுக்குவதில்லை. உயரம் உயரமாகவே இருக்கிறது. மனசு சரியில்லாத நாட்களும் வராமல் இல்லை. அப்போது மாடிக்குப் போய்த் தூக்குகிறேன். இறங்கி வரும்போது பிரச்சினை அப்படியே இருக்கும். அதைச் சுமக்கிற ஆள் கொஞ்சம் மாறியிருப்பாள். இதையெல்லாம் எனக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நன்றி என்று அவளிடம் ஒருமுறை போனில் சொல்லத் தொடங்கினேன். “தூக்குனது நீதான பிள்ள” என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

அக்கா ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியருக்கு உதவியாகச் சேர்ந்தாள். பாரம் தூக்க வருகிற பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பிறகு கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. போன வருடம் ஒரு பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறப் பல மாதம் ஆயிற்று.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. எடுத்ததும் சிரிப்புச் சத்தம்.

“பிள்ள, இன்னைக்குத்தான் பெஞ்சுல படுக்கேன். டாக்டர்ட்டக் கேட்டாச்சு. ஆனா இங்க ஒரு மனுசன் படுத்துத பாடு தாங்க முடியல. கம்பி அசைஞ்சாலே ‘ஐயோ’ன்னு புடிச்சிருதாரு. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்காரு. நீ கொஞ்சம் சொல்லு.”

போன் கை மாறியது. அவள் கணவர் மூச்சு வாங்கப் பேசினார்.

“தங்கச்சி, இவ இப்பத்தான் பிள்ள பெத்தவ. மேல விழுந்துட்டா என்ன செய்ய?”

“விழாதுண்ணே. நீங்க இருக்கீங்கல்ல? காலக் கொஞ்சம் அகட்டி நில்லுங்க. ரெண்டு கையும் கீழ. கண்ண மட்டும் எடுக்காதீங்க. அது நின்னு, அப்பறம் கீழ வர ஆரம்பிச்சாத்தான் புடிக்கணும். அதுவரைக்கும் சும்மா நிக்கணும்.”

“சும்மா நிக்கதுதாம்மா கஷ்டமா இருக்கு.”

“ஆமாண்ணே. கஷ்டம்தான்.”

போனை எங்கேயோ தரையில் வைத்தார். குழந்தை ஏதோ மழலையில் பேசுவது கேட்டது. பிறகு அக்கா நீளமாக மூச்சை இழுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் வாசல் படியில் நின்றபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். மெல்ல ஒரு முனகல். பிறகு இரும்பு இரும்பில் வந்து உட்காரும் சத்தம். உடனே அவர் குரல், போன் வரைக்கும் வர நேரமில்லாமல் அங்கிருந்தே கத்தியது.

“தங்கச்சி! நான் தொடவே இல்ல!”